முழங்காலுக்குக் கீழே பதினேழு வயது

கிளீட்டஸுக்கு முழங்காலுக்குக் கீழே வயதாகவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவள் அவன் மனைவி பெனிட்டா. கண்டுகொண்ட அன்று அவள் பதறவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலேயே காலம் தள்ளியவள் அவள். விழுங்கிய சாவி, முதுகில் தங்கிப்போன ஊசி, பிறந்ததிலிருந்தே வலப்பக்கம் துடித்துக்கொண்டிருக்கும் இதயம் என்று, மனுஷ உடம்புக்குள் இருக்கக்கூடாதவை இருப்பதை நிறையப் பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, சோறும் மீன்கறியும் உண்டு அவன் பாயில் கண்ணயர்ந்து கிடந்தபோது, கைலி விலகிக் கிடந்த கால்களை அவள் தற்செயலாகப் பார்த்தாள். மீசை நரைத்து, நெற்றி ஏறி, வயிறு சரிந்து, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிற நாற்பத்திரண்டு வயது மனிதன்தான் கிடந்தான். ஆனால் முழங்காலுக்குக் கீழே தோல் இறுகி மினுமினுத்தது, பூனைமயிர் மட்டுமே படர்ந்திருந்தது, ஆடுசதை கயிறு முறுக்கியதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்திலும் அந்தக் கால்கள் சும்மா கிடக்கவில்லை. இல்லாத ஒரு பந்தை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஏதோ சாக்குச் சொல்லி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் படுக்கவைத்துப் படம் எடுத்தாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது வளருற பிள்ளையளுக்க எலும்பு," என்றாள். "இருபது வயசுக்குள்ள நுனி மூடிரும். ஒங்களுக்கு மூடல்ல."

"வலியொண்ணும் இல்லியே," என்றான் கிளீட்டஸ்.

"வலி இல்லாததுதான் எனக்குப் பயமாட்டு இருக்கு."

அறையைக் கூட்ட வந்த ஆயா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே அவர்கள் பஸ் ஏறி, பாலம் கடந்து, வெள்ளாந்துறையில் வந்து இறங்குவதற்குள் செய்தி அவர்களுக்கு முன்னால் இறங்கியிருந்தது.

வெள்ளாந்துறை, கடலுக்கும் ஆற்று முகத்துக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் மீன்பிடி ஊர். கோயிலுக்குப் பின்னால் மணல்திட்டில் இரண்டு கோல்கம்பங்கள் நிற்கும். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் செபப் புத்தகத்தைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு ஆடப் போவார்கள். கடலுக்குப் போன ஆள் இல்லாத வீடும், பந்தாட்டக் கோப்பை இல்லாத வீடும் அந்த ஊரில் அபூர்வம். அப்படிப்பட்ட ஊருக்கு இந்தச் சங்கதியை ஏற்றுக்கொள்வது பெரிய பாடாக இருக்கவில்லை. பங்குத்தந்தை அமலதாஸ் வந்தார், இரண்டு காலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், "சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நாமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார். காப்பி குடித்து முடித்ததும், திருவிழாத் தேரைத் தூக்கும்போது முன்கட்டை பிடிக்க அந்தக் கால்கள் வருமா என்று கேட்டார். வள்ளம் கரையேற்றுகிற ஆண்கள் அவனைக் கடைசி ஆளாக நிறுத்திக்கொண்டார்கள்; மற்றவர்கள் கால் மணலில் புதையும்போது அவன் கால் மட்டும் பாறையில் ஊன்றியதுபோல் நிற்கும். வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துவிட்டு முட்டுவலியால் போக முடியாமலிருந்த பெண்கள், தங்களுக்குப் பதிலாக நடந்துவிட்டு வரச்சொல்லி அவனிடம் மெழுகுவர்த்திகளைக் கொடுத்தார்கள். அவனும் போய் வந்தான், முழங்காலுக்கு மேலே வெயில் தாக்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டான், கீழே கால்கள் இன்னொரு தடவை போகலாம் என்று பாயை உதைத்துக்கொண்டிருந்தன. தேர்தல் வந்தபோது, ஒரு கட்சியின் பூத் ஏஜெண்ட் எழுந்து, இந்த வாக்காளரின் ஒரு பகுதிக்கு வாக்களிக்கும் வயது ஆகவில்லை என்று ஆட்சேபம் சொன்னான். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி அதைத் தள்ளிவிடாமல் யோசித்தார். வரிசையில் நின்றவர்களும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். கடைசியில் அவர், மை வைக்கிற விரலுக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிவிட்டது, அது போதும் என்று தீர்ப்புச் சொன்னார். நியாயமான தீர்ப்பு என்று ஊர் ஒப்புக்கொண்டது.

ஏன் இப்படி ஆனது என்று மட்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலவே இருந்தது, ஏனென்றால் அந்தக் கோலை ஊர் முழுவதும் பார்த்திருந்தது.

பதினேழு வயதில் கிளீட்டஸ் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கோ ஒரு பாலைவன நகரத்தில், பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் ஆடினான். கோயில் மண்டபத்து டிவியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்க, அவன் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தை வாங்கினான், வாங்கியவன் திரும்பினான், திரும்பியவனை மறிக்க வந்தவனெல்லாம் தன் நிழலை மறிக்க வந்தவன்போல் ஏமாந்து விலகினான், அவன் போய்க்கொண்டே இருந்தான், கோல்கீப்பர் கீழே விழுந்தபிறகும் ஒரு கணம் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான், பிறகு அதை ஒரு பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் வலைக்குள் அனுப்பினான். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை யாரையும் கேட்காமல் மணியை அடித்தார். கடலில் இருந்தவர்கள் மணிச் சத்தம் கேட்டு, யாரோ பெரிய ஆள் செத்துப்போனார் என்று நினைத்து வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்படியொரு கோல் அவனுக்கு வரவில்லை. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் முகாமுக்குக் கூப்பிட்டு, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்பில் மழையில் நனைகிற பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கோவாவில் ஒரு கிளப், பிறகு ஒரு வங்கி அணி, அந்த அணியையும் கலைத்தபிறகு பயிற்சியாளர் பரீட்சைகள், பிறகு கோழிக்கோடு, பெங்களூர், ஷில்லாங், சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் என்று ஊர் ஊராகப் பயிற்சியாளர் வேலை. எங்கேயும் ஒரு பருவத்துக்குமேல் அவன் தங்கவில்லை. நான்கு மணி வெயில் சாய்ந்ததும் மைதானத்தில் நிற்கிறவன், அது எந்த மைதானமாக இருந்தாலும், வேறொரு மைதானத்துக்குப் போகவேண்டியவன்போலவே நிற்பான். "கால் நிக்கமாட்டேங்குது பெனிட்டா" என்று ஃபோனில் சொல்லுவான். அது வெறும் பேச்சு என்றே அவள் வெகுகாலம் நினைத்திருந்தாள்.

இப்போது ஊரிலேயே பெண்கள் அணிக்கு அவன் பயிற்சியாளர். அவன் பயிற்சி கொடுக்கிற விதம் எளிதானது: பேசமாட்டான், காட்டுவான். பந்தைக் காலில் வாங்குவான். கால்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பெண்கள் சுற்றி நின்று முழங்காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் முகம் மறந்துபோயிற்று என்று ஒருத்தி சொன்னாள், அதில் பொய்யில்லை. மாலையில் மதில்மேல் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிளீட்டஸுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அணியின் முன்கள ஆட்டக்காரி ஷெர்லின். கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறவள். அவள் அம்மா புஷ்பம் தலைச்சுமையாக மீன் விற்கிறவள். ஷெர்லின் வேகமானவளல்ல, ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் நிற்பாள். அந்தக் கால்களைப் பார்ப்பதை முதலில் நிறுத்தியவளும் அவள்தான்.

"சார், ஒங்க காலு செய்யியத எனக்க காலு செய்யாது," என்றாள் ஒருநாள். "எதுக்காக அப்பிடித் திரும்புனீங்க, எப்பம் திரும்பணும், அத வாயால சொல்லுங்க."

கிளீட்டஸ் சொல்ல வாயைத் திறந்தான். அந்தக் கால்கள் என்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது, பதினேழு வயதிலும் தெரிந்திருக்கவில்லை. "பாத்துக்கிட்டே இரு மக்களே, வரும்," என்றான். ஷெர்லின் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவனுக்குச் செருப்புக்குள் மணல்போல் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் வெள்ளாந்துறைப் பெண்கள் மாநிலப் போட்டியின் அரையிறுதிவரை போய்விட்டார்கள். ஆட்டம் திருநெல்வேலியில். ஊரே வேன் பிடித்துப் போனது. தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் அம்மா ஒருத்தி ஷெர்லினைப் பார்ப்பதற்கென்றே வந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. வந்த இடத்தில் ஷெர்லின் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் கீப்பரைத் தவிர ஆளில்லை. அவள் பந்தை நிறுத்தினாள், தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்போதுதான் கிளீட்டஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வெள்ளைக்கோட்டைத் தாண்டினான். பார்த்தவர்கள் எல்லோரும் பிறகு சொன்னது ஒரே மாதிரிதான்: கால்கள் முன்னால் போயின, மேலே உள்ள மனிதன் அவற்றுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போனான். குறுக்கே வந்த இரண்டு பெண்களைக் கடந்து, ஷெர்லினின் காலடியிலிருந்து பந்தை எடுத்து, கீப்பரைப் படுக்கவைத்து, ஒரு கணம் நின்று, வலைக்குள் அனுப்பினான். பிறகு எதிரணி ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். நடுவர் விசில் ஊதி, கோல் இல்லை என்று கைகாட்டி, அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. வெள்ளாந்துறை தோற்றது. மேல்படியிலிருந்து இறங்கிவந்த தேர்வாளர் அம்மாவிடம் ஷெர்லினைப் பற்றிக் கேட்டார்கள். "இன்று நான் அந்தக் காலைத்தான் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள்.

ஊர் மன்னித்துவிட்டது. கிளீட்டஸை மன்னித்தது என்று சொல்லமுடியாது, அவன்மேல் யாருக்கும் கோபமே வரவில்லை, கால்களைத்தான் மன்னித்தது. விடலைக் கால்கள், பந்தைக் கண்டால் சும்மா இருக்குமா, என்றார்கள். வேனில் வரும்போதே அந்தக் கோலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. வேனில் வராதவர்கள் இன்னும் விவரமாகச் சொன்னார்கள். யாரோ ஃபோனில் பிடித்த படம் கடல் தாண்டி, வளைகுடாவில் வேலை செய்யும் பையன்களுக்குப் போய், அங்கிருந்து இன்னும் பெரிதாகித் திரும்பி வந்தது. பந்தாட்டக் கழகத்தில் ஒரு கூட்டம் கூட்டி, முழங்காலுக்குக் கீழே உள்ளதைப் பதினேழு வயதுக்குட்பட்ட பிரிவில் பதிவு செய்யலாமா, செய்தால் அதற்கு மேலே உள்ள ஆளை ஆட்ட நேரத்தில் எங்கே நிறுத்துவது என்று பேசினார்கள். பேச்சு முடியாமல் தள்ளிவைத்தார்கள். ஷெர்லின் போடாமல் போன கோலைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவள் மறுவாரத்திலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. தினமும் கல்லூரி விட்டு வந்ததும் முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைக்கப் போனாள். தோட்டிலிருந்து கசியும் முந்திரிப் பாலில் அவள் விரல்கள் வெந்து கறுத்தன.

கிளீட்டஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆலை வழியாகப் போனால் அவளைப் பார்க்கலாம் என்று கிளம்புவான். ஆலைச் சந்து வரும்போது கால்கள் கடற்கரைப் பக்கம் திரும்பிவிடும். அவள் வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்புவான். கோயில் முக்கில் கால்கள் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பதினேழு வயதுக் கால்களுக்கு மன்னிப்புக் கேட்கப் போகும் வழி தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் தரையைத் தட்டின. நின்றால் வாசலைப் பார்த்தன. பெனிட்டா சோறு பரிமாறும்போது சுவரில் சாய்ந்து நின்றபடியே அவன் உண்டான்.

அப்போது கோவாவிலிருந்து ஃபோன் வந்தது. பெரிய அகாடமி, அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். பாடம் எடுக்க வேண்டாம், பேசவும் வேண்டாம், மாலையில் மைதானத்தில் வந்து காட்டினால் போதும் என்றார்கள். கிளீட்டஸ் ஃபோனை வைப்பதற்குள் கால்கள் பெட்டி இருக்கிற அறைக்குப் போய்விட்டிருந்தன. துணிகளை எடுத்துப் பெட்டியில் போட்டான். பெனிட்டா கட்டிலின் மறுபக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு போவணும்னா போட்டும்," என்றாள். "நீங்க போவாண்டாம்."

"காலு மட்டும் எப்பிடிடீ போவும்?"

"அது எனக்குத் தெரியாது. ஒங்களுக்க பாதிய வச்சிக்கிட்டு நான் இத்தன வருஷம் இருந்தேன். எந்தப் பாதின்னுதான் இப்பம் தெரியும்." அவள் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். "அந்தப் பிள்ளயப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அதுக்கப்புறம் கோவாவோ, கொழும்போ."

"சொல்லணும்னுதான் தினமும் கெளம்புதேன். காலு போவமாட்டேங்குது."

"காலுல எதுக்குப் போறீங்க?" என்றாள் பெனிட்டா.

மீன்பெட்டி ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று ஏலக்கூடத்தில் சும்மா நின்றது. கிளீட்டஸ் அதில் ஏறி உட்கார்ந்தான். வள்ளம் இழுக்கும்போது அவனோடு நிற்கிற ஆண்கள் வந்து, வலை கட்டுகிற நைலான் கயிற்றால் அவன் கால்களைப் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள்; எதற்கென்று யாரும் கேட்கவில்லை, இறுக்கம் போதுமா என்று மட்டும் கேட்டார்கள். வண்டி ஊர் நடுவே போயிற்று. கோயில் முக்கு வந்தது, கால்கள் மைதானத்துக்கு இழுத்தன, வண்டி ஒருபக்கம் சாய்ந்தது, இரண்டுபேர் மறுபக்கம் தோள்கொடுத்தார்கள். வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் குழந்தைகளை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். ஐஸும் மீனும் மணக்கிற வண்டியில், நனைந்த கால்சட்டையோடு, அவன் ஷெர்லின் வீட்டு முன்னால் வந்து நின்றான்.

ஷெர்லின் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து கைகளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள். "காலுதான் செஞ்சுதுன்னு சொல்ல வந்தீங்களா சார்? அத எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்க அம்மயும் சொல்லிட்டா."

உள்ளேயிருந்து புஷ்பம் எட்டிப் பார்த்தாள். வண்டி தள்ளியவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்கள்.

கிளீட்டஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான். "காலு இல்ல மக்களே. பந்து ஒனக்கு வந்தப்பம், நீ தலையத் தூக்கிப் பாத்தப்பம், இவ ஒரு கணம் பிந்திட்டான்னு எனக்குத் தோணிச்சு. இங்க தோணிச்சு." நெஞ்சைத் தொட்டான். "காலு அதுவரைக்கும் பெஞ்சுக்கடியில சும்மாதான் கெடந்துது. எழும்பினது நான். நான் எழும்பினபெறவுதான் காலு எழும்பிச்சு. அத யாருக்கிட்டயும் சொல்லல்ல. எல்லாரும் காலுதான்னு சொன்னாங்க, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஷெர்லின் எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்தாள். கட்டுக்குள் கிடந்த கால்கள் வண்டிப் பலகையைத் தட்டின.

"நான் பிந்தல்ல," என்றாள் பிறகு. "கீப்பரு எந்தப் பக்கம் வெயிட்டு போடுதாள்னு பாத்தேன். இடது பக்கம் போட்டா. நான் வலது பக்கம் மெல்லத் தட்டியிருப்பேன்."

"சரிதான்," என்றான் கிளீட்டஸ். "அதுதான் சரி. நான் அதப் பாக்கவே இல்ல."

"வாயால சொல்லித் தருவீங்கன்னா நான் வருவேன்."

"எனக்குச் சொல்லத் தெரியாது."

"நானும் ஆடத் தெரியாமத்தான் வந்தேன்," என்றாள் ஷெர்லின்.

மறுநாள் நான்கு மணிக்கு, மைதானத்தின் ஓரத்தில், ஈரமணலில் ஒரு குழி தோண்டி, கிளீட்டஸை முழங்கால்வரை இறக்கி, பெண்கள் அணி முழுவதும் சுற்றி நின்று மண்வெட்டியாலும் கையாலும் மணலைத் தள்ளி மூடினார்கள். அப்படித்தான் அந்தப் பயிற்சி தொடங்கியது. மணலுக்கடியில் கால்கள் கோபத்தோடு உதைத்தன. மேற்பரப்பு விம்மி விம்மித் தணிந்தது. நண்டுகள் பொந்துகளை விட்டு வெளியே வந்து வேறு இடம் தேடி ஓடின. கிளீட்டஸ் நட்டுவைத்த கம்பம்போல் நின்று பேசினான். முதல் நாட்களில் அவன் பேச்சைக் கேட்கச் சகிக்கவில்லை. "அங்க", "இல்ல, இங்க", "அப்பிடியில்ல" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஷெர்லின் விடவில்லை. ஏன் அங்க, என்று கேட்பாள். எதுக்கு இப்பம், என்று கேட்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, பாலைவன நகரத்து மைதானத்துக்குப் போய், அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் திரும்புவதற்கு முன்னால் எதைப் பார்த்தான் என்று தேடுவான். மெல்ல மெல்லக் கிடைத்தது: மறிக்க வருகிறவனின் காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார். பந்து வருமுன் ஒருதடவை பின்னால் திரும்பிப் பார். அவசரமாக இருக்கும்போது ஒரு மூச்சு நில். ஒவ்வொரு வார்த்தையும் கிடைக்கும்போது, கடலில் கல் தட்டிய வலையை அறுபடாமல் உருவி எடுக்கிறவன்போல் அவனுக்கு வியர்த்தது.

மதில்மேல் உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். காட்ட ஒன்றுமில்லை. கோவாக்காரர்கள் இரண்டுமுறை கூப்பிட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பெனிட்டா வேலை முடிந்து வரும்போது மைதானத்துப் பக்கம் வந்து, அவனைத் தோண்டியெடுத்து, மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். வெளியே வந்ததும் கால்கள் அவளை இழுத்துக்கொண்டு கடற்கரை நெடுகிலும் ஓடும். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடுவாள், மூச்சு வாங்கினால் நின்றுவிடுவாள்.

அடுத்த வருஷம் மாநிலப் போட்டி மதுரையில் நடந்தது. அங்கே மணல் கிடையாது. ஆகவே ஊரிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுபோன மணலை பெஞ்சின் முன்னால் கொட்டி, அவன் கால்களை அதில் புதைத்தார்கள். அந்த ஊர் ஆட்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆட்டத்தின் பிற்பாதியில் ஷெர்லினுக்குப் பந்து வந்தது. அவள் பின்னால் ஒருதடவை திரும்பிப் பார்த்திருந்தாள்; ஒரு மூச்சு நின்றாள்; மணல் குவியல் குலுங்கியது; கிளீட்டஸ் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் காலாக இருந்தால் கீப்பரையும் படுக்கவைத்துவிட்டு அனுப்பியிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. கீப்பர் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், சோம்பேறித்தனமாக என்றே சொல்லும்படி, ஒரு தட்டுத் தட்டினாள். பந்து கம்பத்தில் இடித்து, யோசித்து, கோட்டைத் தாண்டி உருண்டது. அழகான கோல் இல்லை. ஊரில் அதைப் பற்றி ஒருநாளுக்குமேல் யாரும் பேசவில்லை. கிளீட்டஸ் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதான், யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முகாமுக்குக் கூப்பிடும் செய்தி ஷெர்லினுக்கு மழைக்காலத்தில் வந்தது. குழித்துறை ஸ்டேஷனில் அவளை ரயிலேற்ற அம்மாவும், பங்குத்தந்தையும், அணிப் பெண்களும், கிளீட்டஸும் பெனிட்டாவும் வந்திருந்தார்கள். புஷ்பம் கருவாட்டுப் பொட்டலத்தை மூன்றாவது தடவை பைக்குள் சரிபார்த்தாள். ரயில் வந்து நின்றதுமே கிளீட்டஸின் கால்கள் நடுங்கத் தொடங்கின. எந்தப் பிளாட்பாரத்திலும் அவை நடுங்கும். ஆனால் இந்த நடுக்கம் இடுப்புவரை ஏறியது. ஷெர்லின் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினாள்.

"ஏதாவது சொல்லுங்க சார்."

"சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிட்டேன்," என்றான். "அங்க வேற ஆளு வேற மாதிரி சொல்லுவாங்க. ஏன்னு கேளு. விட்டுராத."

ரயில் நகர்ந்தது. கால்கள் நகர்ந்தன. பெனிட்டா அவன் சட்டையைப் பிடித்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். கால்கள் பெட்டியோடு சேர்ந்து நடந்தன, நடை ஓட்டமாயிற்று, சுமைகளையும் தேநீர் விற்கிறவனையும் விலக்கிக்கொண்டு, ஜன்னலுக்குச் சமமாக, படிக்கட்டுக் கம்பிக்குச் சமமாக ஓடின. கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏறிவிட்டால் போதும், அந்த ரயில் எங்கே போனாலும் போதும் என்று அவை ஓடின. மேலே கிளீட்டஸுக்கு மூச்சு இரைத்தது, கண் இருட்டியது. கயிறும் இல்லை, மணலும் இல்லை. அவன் குனிந்து, ஓடியபடியே, தன் கால்களைப் பார்த்து முதல்முறையாகப் பேசினான்.

"இது அவளுக்க ரயிலு," என்றான். குரலை உயர்த்தவில்லை, மைதான ஓரத்தில் நின்று பெண்களிடம் பேசுகிற அதே குரல்தான். "நீ நல்லாத்தான் ஓடுத. ஒன்ன மாதிரி ஓட ஒருத்தனும் கெடையாது. அத நான் பாத்தேன், ஊரு முழுக்கப் பாத்துது. இப்பம் ஒரு மூச்சு நில்லு மக்கா. ஏன்னு கேட்டா சொல்லுதேன், வீட்டுக்குப் போற வழியில சொல்லுதேன்."

இன்னும் இரண்டு பெட்டி நீளத்துக்கு அவை ஓடின. பிறகு வேகம் குறைந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி அவனைக் கடந்துபோனபோது அவன் பிளாட்பாரம் சரிந்து தண்டவாளத்தில் இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான், மழைத்தூறலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு. தூரத்தில் பெனிட்டா குடையை விரித்து, அவசரமில்லாமல் அவனை நோக்கி நடந்து வந்தாள். கால்களுக்கு இரைக்கவில்லை; அவை இன்னும் ஒரு ஊர்வரைக்கும் ஓடியிருக்கும். ஆனாலும் அவை தரையைத் தட்டாமல், எந்தப் பக்கமும் இழுக்காமல், மேலே உள்ளவனுக்கு மூச்சு திரும்பும்வரை அந்த இடத்திலேயே காத்து நின்றன.